சிரம்பியடிப் பிள்ளைகளின் நிறை குறித்து ஒரு திறந்த மடல்

புத்தளம் மாவட்டத்தில் தாய் சேய் நலனைப் பொறுப்பேற்றிருக்கும் சுகாதாரப் பணிமனையின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,



இம்மடல் தங்கள் மேசைக்கு வரும் நாளிலேயே எங்கள் வாசகர்களின் கைகளுக்கும் போகிறது. தங்களைச் சங்கடத்தில் ஆழ்த்தும் நோக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு சிறிய ஊரின் பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாட்டையும், அதற்கான நியாயத்தையும், தங்கள் கையெழுத்தாலேயே நடக்கக்கூடிய சில காரியங்களையும் ஊரறிய வைக்கிறோம். கொழும்பின் அனுமதிக்கும் வெளிநாட்டு உதவிக்கும் காத்திருக்க வேண்டிய எதையும் நாங்கள் கேட்கப்போவதில்லை.

சிரம்பியடியைத் தாங்கள் அறிவீர்கள். இலங்கையில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் எங்கே வாழ்கின்றன என்று எவராவது கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். பழைய அரசாங்க ஏடுகளும் அயலாரும் அவர்களைக் காப்பிரிகள் என்பார்கள். பெரும்பாலானோர் கத்தோலிக்கர். வீட்டில் இன்று பேசுவது சிங்களம். முதியவர்களின் நாவில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் மிச்சம் இன்னும் இருக்கிறது. சிரட்டை, கரண்டி, போத்தல், றபான் என்று கைக்கு அகப்படுவதையெல்லாம் வாத்தியமாக்கி அவர்கள் பாடும் மஞ்சா இசையைக் கேட்க ஆய்வாளர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், வெளிநாட்டுப் பயணிகளும் வருகிறார்கள். பாட்டைப் பதிவுசெய்துகொண்டு போகிறார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் நின்று கைதட்டும் பிள்ளைகளின் நிறையும் உயரமும் ஊர்ப் பெயரோடு எங்கே பதிவாகின்றன என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் முறைப்பாடு இவ்வளவுதான்.

இந்த மக்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 1344இல் புத்தளத்தில் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட இபுனு பதூதா, பின்னர் கொழும்புக்குப் போனபோது அங்கிருந்த தலைவனிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கொண்டுவந்து கோட்டை கட்டுவித்தார்கள். பிரித்தானியர் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் ஆட்களை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தார்கள். இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அந்தப் படையில் இருந்தவர்களில் புத்தளத்தைச் சூழத் தங்கிவிட்டவர்களின் சந்ததிகளே இன்று சிரம்பியடியில் இருக்கிறார்கள். படையாளுக்குச் சம்பளம் இருந்தது. படை போனபின் உப்பளமும் கூலி வேலையும்தான் மிஞ்சின. தலைமுறைகள் பல கடந்தும் அங்கே பல வீடுகள் அன்றாடங்காய்ச்சி வீடுகளாகவே இருக்கின்றன. இந்த வறுமையை இன்றைய அரசியலும் இன்றைய அதிகாரிகளும் உண்டாக்கவில்லை என்பதை நாங்கள் மறக்கவில்லை. அதைத் தொடரவிடுவதும் விடாததும்தான் இன்றைய அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

ஒரு பேச்சை முதலிலேயே விலக்கிவிட விரும்புகிறோம். "அது அவர்களுடைய உடல்வாகு, பரம்பரை அப்படி" என்று கிளினிக் வரிசைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒல்லியான பிள்ளைக்கும் அதையே சொல்கிறோம், கட்டையான பிள்ளைக்கும் அதையே சொல்கிறோம். அது பிழை என்பதற்கான சான்று தங்கள் பணிமனை ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்கும் சுகாதார அட்டையிலேயே இருக்கிறது. அதில் அச்சிட்டிருக்கும் வளர்ச்சிக் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட நியமத்தைப் பின்பற்றியவை. அந்த நியமத்துக்காக 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் பிள்ளைகளை அளந்தார்கள். பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, ஒஸ்லோ, மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் என்பவை அந்த இடங்கள். தாய்ப்பால், போதிய உணவு, சுத்தம், வைத்தியம் ஆகியவை கிடைத்த பிள்ளைகளே எல்லா இடங்களிலும் தெரிவுசெய்யப்பட்டார்கள். முடிவு என்ன? பிள்ளைகளின் நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசம் சுமார் 3 வீதம் மட்டுமே. மிகப் பெரிய பங்கு ஒரே ஊர்ப் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் நன்றாக உண்டால் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் வளர்கிறார்கள். சிரம்பியடித் தாய் கையில் வைத்திருக்கும் அட்டையின் கோட்டை வரைந்ததில் அக்ராவின் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை விழுந்தால் இரத்தத்தைக் குறைகூற இடமில்லை. அந்த வீட்டு அடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அடுப்பின் கதை நாடு முழுவதற்கும் பொதுவானது. 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமல் மெலிந்தவர்கள். 21 பேர் வயதுக்கேற்ற நிறை குறைந்தவர்கள். மெலிவு 15 வீதத்தை எட்டினால் அது "மிக உயர்ந்த" நிலை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வகுத்திருக்கின்றன. பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது. அதற்குப் பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. வறுமையில் வாழ்வோரின் பங்கு 2021இல் இருந்த 13 வீதத்திலிருந்து ஒரே ஆண்டில் 25 வீதமாகியது என்று உலக வங்கி மதிப்பிட்டது. இந்தக் கரைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கற்பிட்டி முதல் உடப்பு வரை சிறு படகுக்காரர்கள் கடலுக்குப் போவதைக் குறைத்தார்கள். கரையில் மீன் கூடை சுமப்பவருக்கும் கருவாடு காயவைப்பவருக்கும் அன்றே கூலி நின்றது. இன்று விலைகள் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பது மெய்தான். ஏறிய உணவு விலை பழைய இடத்துக்கு இறங்கிவிடவில்லையே. அன்று ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்டார்கள். முதல் ஆயிரம் நாளில் இழந்த உயரத்தைப் பள்ளிக்கூடத்துப் பகலுணவு முழுமையாகத் திருப்பித் தராது.

வறுமை பிள்ளையின் உடம்புக்குள் எப்படிப் புகுகிறது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை வாசிக்கும் ஊராரும், ஏழைத் தாய்மாரைச் சோம்பேறிகள் என்று சொல்லிப் பழகிய எங்களில் சிலரும் அதைக் கேட்க வேண்டும். அது கர்ப்பத்திலேயே தொடங்குகிறது. ஏழாம் எட்டாம் மாதத்திலும் வெயிலில் நின்று கூலி வேலை செய்து, இரவில் தான் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை நிறை குறைந்து பிறக்கக்கூடும். ஆறு மாதம் தாய்ப்பால் நன்றாகப் போகிறது. இந்த நாடு பெருமைப்படக்கூடிய விஷயம் அது. சிக்கல் ஏழாம் மாதத்தில் வருகிறது. சோறு மசித்துக் கொடுக்கிறார்கள். கூட மசிப்பதற்குப் பருப்பு இருக்கிற நாள் இருக்கும், இல்லாத நாளும் இருக்கும். முட்டையும் மீனும் வாரத்தில் என்றோ ஒரு நாள். வயிறு நிரம்புகிறது, உடம்பு கட்டுவதற்கு வேண்டிய புரதமும் இரும்பும் வருவதில்லை. கொஞ்சம் வளர்ந்தால் பாணும் சீனி போட்ட பிளேன்ரீயும். பசியை அடக்குவதற்கு அதைவிட மலிவான வழி இந்தத் தீவில் இல்லை. சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தண்ணீர், உணவில் உள்ள சிறிதளவு இரும்புச்சத்தையும் உடம்பில் முழுமையாக ஒட்டவிடாது. இரத்தச்சோகை பிடித்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், பசிக்கிறது என்று கேட்காது. கேட்காத பிள்ளைக்குக் கொடுப்பதும் குறைந்துபோகும். இடையில் ஒரு வயிற்றோட்டம் வந்தால் இரண்டு மாதத்தில் ஏறிய நிறை ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அடுத்தடுத்து வந்தால் குடலின் உட்சுவர் பழுதடைந்து, பிறகு நல்ல உணவு கிடைத்தாலும் அதை முழுமையாக உறிஞ்சாது.

இதில் காலத்தின் கணக்கும் ஒன்று உண்டு. உப்பளத்துக் கூலிக்கு மழை என்றால் வேலை இல்லை. மழை பெய்தால் பாத்தியில் உப்பு விளையாது, வாருவதற்கு ஆளும் தேவைப்படாது. வருமானம் நிற்கும் அந்த மாதங்களில்தான் சளியும் காய்ச்சலும் நுளம்பும் டெங்குவும் வருகின்றன. எரிவாயு வாங்க முடியாமல் விறகுக்குத் திரும்பிய வீட்டில், மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கும் ஈர விறகின் புகை பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. பணம் இல்லாத மாதமும் நோய் வரும் மாதமும் ஒன்றாக விழுவது தற்செயல் அல்ல என்பதால், அதை முன்கூட்டியே எதிர்பார்க்கவும் முடியும்.

இனித் தங்கள் பணிமனையின் நடைமுறைக்கு வருகிறோம். குடும்பநல மாதர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பொறுப்பைச் சுமந்துகொண்டு, வெயிலில் வீடு வீடாக நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் அவர்கள். இந்த நாட்டில் சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவாக இருப்பதற்கு யாரை நோக்கிக் கைகூப்புவது என்று கேட்டால், நாங்கள் அமைச்சர்களின் பெயரைச் சொல்லமாட்டோம். குறை, அந்த மாதின் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் கருவியில் இருக்கிறது. பிள்ளையை நிறுக்கிறார், புள்ளி வைக்கிறார், கோடு கீழே இறங்கியிருப்பதைக் காண்கிறார். அதன்பின் அவரால் கொடுக்கக்கூடியவை இரண்டு: அறிவுரை, திரிபோஷப் பக்கற்.

அறிவுரையை எடுத்துக்கொள்வோம். முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள் என்பது நல்ல அறிவுரை. மீன் சத்தானது என்று கடற்கரை மாவட்டத்துத் தாய்க்குச் சொல்லித்தர வேண்டுமா? அவருக்குத் தெரியும். அறியாமைக்குச் செய்யும் வைத்தியத்தை வறுமைக்குச் செய்தால் நோய் அப்படியே இருக்கும். நோயாளிக்கு அவமானம் மட்டும் கூடும். மூன்று மாதம் தொடர்ந்து "ஏன் நிறை ஏறவில்லை?" என்று பலர் முன்னிலையில் கேட்கப்பட்ட தாய் நான்காம் மாதம் வரமாட்டார். வராதவர் என்று அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படும். அவர் ஏன் வரவில்லை என்பதை எழுத அந்தப் பத்திரத்தில் இடம் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

திரிபோஷவின் கணக்கு இன்னும் எளிது. 1973இல் தொடங்கிய அருமையான திட்டம். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. தகுதியுள்ள ஒருவருக்கு மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 50 கிராம். நிறை குறைந்த பிள்ளைக்கென்று கொடுக்கப்படும் அந்த 50 கிராமை, நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்து சாப்பிட மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எந்தத் தாயும் அப்படிப் பிரித்துவைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. பங்குபோட்டால் ஒருவருக்கு 12 கிராமும் கொஞ்சமும். அதை வைத்துக்கொண்டு கோடு மேலே ஏறும் என்று எதிர்பார்ப்பது தங்கள் பணிமனையின் கணக்குப் பிழை. தாயின் பிழை அல்ல. 2022இல் சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்து திரிபோஷவுக்கும் தட்டுப்பாடு வந்த மாதங்களில் அந்த 12 கிராமும் இல்லாமல் போனது. பட்டியலில் உள்ள பிள்ளைக்குக் கீழே இன்னும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் குடும்பமாகக் கணக்கெடுங்கள். கூடுதல் பக்கற் கொடுக்க விதி இடம்தராவிட்டால், முட்டையும் நெத்தலியும் தர முன்வரும் உள்ளூர் ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் கடைக்காரரையும் மீனவர் சங்கங்களையும் தங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதி அழையுங்கள். அரச முத்திரையோடு ஒரு கடிதம் போனால் இந்த ஊரில் எவ்வளவு நடக்கும் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். பத்திரிகை எழுதினால் அதில் பாதிகூட நடக்காது.

கிளினிக் நாள் பற்றியும் ஒரு சொல். வார நாளில் காலையில் கூட்டப்படும் கிளினிக்குக்கு ஒரு கூலிப்பெண் வந்துபோனால் அன்றைய கூலி முழுவதும் போய்விடும். வைத்தியம் இலவசம்தான், வருவது இலவசமல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், பூசை முடிந்து ஊர் கூடியிருக்கும் நேரத்தில், தராசையும் அட்டைகளையும் சிரம்பியடிக்கே கொண்டுபோக முடியாதா? தங்கள் ஆளணியின் விடுமுறையையும் மேலதிக நேரக் கொடுப்பனவையும் ஒழுங்குசெய்யும் அதிகாரம் தங்களிடமே இருக்கிறது. உப்பள வேலை நிற்கும் மழை மாதங்களில் அது மாதம் இருமுறை நடக்கட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. தங்கள் பணிமனை மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளில் நிறை குறைந்தோரின் வீதம் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியாகச் சேர்க்கப்பட்டுப் போகிறது. அவ்வளவு பெரிய பிரிவுக்குள் சில டசின் வீடுகள் கொண்ட ஊர் எங்கே தெரியும்? சிரம்பியடியில் ஒவ்வொரு பிள்ளையும் மெலிந்திருந்தாலும் பிரிவின் சராசரி அசையாது. ஒவ்வொரு பிள்ளையும் தேறினாலும் அசையாது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின் இன அட்டவணையிலும் அவர்களுக்குத் தனி வரி இல்லை, "ஏனையோர்" என்பதற்குள் அடங்கிவிட்டார்கள். சேர்த்துக் கூட்டினால் மறைந்துபோகும் மக்கள் இந்த மாவட்டத்தில் அவர்கள் மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து தங்கிய முஸ்லிம் மக்களின் பழைய முகாம் குடியிருப்புகள் இருக்கின்றன. பருவத்துக்குப் பருவம் கரை மாறும் மீனவரின் வாடிகள் இருக்கின்றன. வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் காட்டோரக் குடிசைகள் இருக்கின்றன. கணக்கைக் கிராமவாரியாகப் பிரித்துப் பார்க்கத் தங்களுக்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டாம். குடும்பநல மாதின் பதிவேட்டில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே அனுப்புவதற்காகக் கூட்டுவதற்கு முன், ஒரு தரம் கூட்டாமல் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்று எங்களுக்குத் தெரியும். இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பட்டியல் போடலாமா, இந்த நாடு பட்டது போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இனம் கேட்காமல் ஊரைக் கேட்கிறோம். சிரம்பியடி எல்லைக்குள் இருக்கும் பிள்ளை எந்த வம்சமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வரட்டும்; அங்கே கலப்புத் திருமணங்கள் எத்தனையோ தலைமுறையாக நடந்துவருகின்றன, பிரிக்க நினைத்தாலும் பிரிபடாது. பெயர்கள் வெளியே வரக் கூடாது. ஏற்கெனவே கமராவுக்கு முன்னால் நின்று களைத்த மக்களின் பிள்ளைகளை, இம்முறை மெலிந்த உடம்போடு நிறுத்திப் படம் பிடிக்க எவரையும், எங்களையும் சேர்த்தே, அனுமதிக்காதீர்கள்.

எங்கள் வேண்டுகோள்களில் முக்கியமானது இனித்தான் வருகிறது. 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிவுசெய்கிறார்கள். அந்தப் பட்டியல் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பட்டியல் தங்களிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. ஒரு பிள்ளையின் நிறைக்கோடு தொடர்ந்து இரண்டு மாதம் கீழிறங்கினால், நோய் எதுவும் இல்லை என்று வைத்தியர் கண்டால், "இப்பிள்ளையின் நிறைக்குறைவுக்குக் காரணம் வீட்டு வருமானம்" என்று அட்டையில் எழுதுவதற்கு வைத்திய அதிகாரிக்குத் தாங்கள் பணிப்புரை வழங்குங்கள். அதன் பிரதி ஒன்று தங்கள் கையொப்பத்தோடு பிரதேச செயலாளருக்குப் போகட்டும். அந்தக் குடும்பம் கொடுப்பனவுப் பட்டியலில் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏன், மேன்முறையீட்டுக்கு என்ன வழி என்று எழுத்தில் பதில் வரட்டும். ஏழைத் தாய் ஒருத்தி செயலகத்துப் படியேறி "எங்களிடம் இல்லை" என்று சொன்னால் அது முறைப்பாடு. வைத்திய அதிகாரி எழுதினால் அது சான்று. இந்த வித்தியாசத்தை உண்டாக்கும் அதிகாரம் மாவட்டத்தில் வேறு எந்த அலுவலகத்திடமும் இல்லை.

தண்ணீரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், அது தனி மடலுக்கு உரியது. கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொட்டும் உரம் நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையைப் பல கிணறுகள் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு அது ஆபத்து. கிணற்றுநீர்ப் பரிசோதனையின் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பாடசாலைச் சுவரில் ஒட்டுங்கள். விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கக்கூடியவர் வாங்கிக் குடிப்பார். வாங்க முடியாதவரின் கிணறு எது என்பதாவது எல்லோருக்கும் தெரியட்டும்.

இவையெல்லாம் ஆகக்கூடியவைதானா என்று எவரும் கேட்டால், கடல்தாண்டிப் பார்க்கலாம். இந்த மக்களின் மூதாதையர் பலர் புறப்பட்ட மொசாம்பிக்கில் இன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வளர்ச்சி குன்றியவர். ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டோரின் சந்ததிகள் கோடிக்கணக்கில் வாழும் பிரேசிலில், 1970களின் நடுவில் 37 வீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2007 அளவில் 7 வீதமாக இறங்கியது. தாய்மாரின் படிப்பு கூடியது, ஏழைகளின் கையில் பணம் சேர்ந்தது, சுகாதார சேவை வீட்டு வாசலுக்கு வந்தது, தண்ணீரும் மலசலகூடமும் வந்தன. அதிலும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிக வேகத்தில் தேறினார்கள். பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவு விரிவாக்கப்பட்டபோது கஜானா தாங்குமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2022 செப்டெம்பரில் அங்கே தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு காலைக் கூட்டத்தில் நின்ற அதே மாதம் அது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இந்த நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. தாங்கள் இருக்கும் ஆசனம் அந்த மரபில் வந்தது. மலேரியாவால் நடுங்கிய மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் இரத்தத்தையும் எடுத்து, ஒவ்வொரு நோயாளியையும் பெயர் சொல்லித் தேடிப் பிடித்து, கடைசி ஒருவர் வரை விடாமல் பின்தொடர்ந்ததால் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் சராசரியை வைத்துத் திருப்தியடையவில்லை. காட்டுக்குள் ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் போனார்கள். பசிக்கும் அப்படிப் போகலாம். சிரம்பியடி போன்ற ஊருக்கு அது மிகவும் எளிது. வீடுகள் சில டசின்தான். ஊர் சிறியது என்பதால் இதுவரை அறிக்கையில் தெரியவில்லை. அதே காரணத்தால், தாங்கள் மனம் வைத்தால் ஓராண்டுக்குள் அங்கே ஒவ்வொரு பிள்ளையின் அட்டையையும் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துவிடலாம்.

அந்த ஊர்ப் பெண்களிலேயே படித்த ஒருவரைத் தாய்மார் ஆதரவுக் குழுவுக்குப் பொறுப்பாக நியமித்து, குடும்பநல மாதுக்குத் துணையாக வையுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறோம். தன் வீட்டில் என்ன சமைத்தது என்று ஒரு தாய் உண்மையைச் சொல்வது இன்னொரு தாயிடம்தான், சீருடையிடம் அல்ல.

இந்த மடலுக்குத் தாங்கள் பதில் எழுதக் கடமைப்பட்டவர் அல்லர். எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். சுகாதார வைத்திய அதிகாரிகளோடு தாங்கள் நடத்தும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சிரம்பியடி என்ற பெயரை ஒரு தனி விடயமாகச் சேருங்கள். ஞாயிறு கிளினிக் எப்போது தொடங்கும், பிரதேச செயலாளருக்கு முதலாவது கடிதம் எப்போது போகும் என்ற இரண்டு திகதிகளை எங்களுக்கு அறியத் தாருங்கள். முடியாது என்றால் அதற்கான காரணத்தைத் தாருங்கள். எதுவாயினும் இதே பக்கத்தில், ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுவோம்.

இங்ஙனம்,
ஆசிரியர் பீடம்
புத்தளம்